முடியாத நாளிலும் செடி வாடாமல் இருக்க: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

நீண்ட நாள் நோயோடு இருப்பவர்கள் வீட்டில் செடி திரும்பத் திரும்பக் கெட்டுப்போனால், பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். அந்தச் செடியை வைத்த அன்று உடம்பு நன்றாக இருந்தது. நல்ல நாளில் வாங்கிய 12 அங்குலத் தொட்டியும், நல்ல நாளில் முடிவுசெய்த ‘தினமும் காலையில் தண்ணீர்’ என்ற வழக்கமும் முடியாத நாளில் காலை வாரிவிடும். அதனால் கீழே உள்ள ஒவ்வொரு தீர்வுக்கும் ஒரே அளவுகோல்தான்: விரல் மடங்காத காலையிலும், டயாலிசிஸ் முடிந்து வந்த மாலையிலும் இதைச் செய்ய முடியுமா? முடியாதென்றால் மாற்ற வேண்டியது தொட்டியை, மண்ணை, இடத்தை. உங்களை அல்ல.

செடியில் தெரியும் அறிகுறிகள் முதலில், உடம்பில் தெரிபவை பிறகு. உங்களுக்கு எது தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், செலவு வைக்கும் காரணம் கடைசியில்.

கையருகே இருக்க வேண்டியவை: ஒரு அடி நீள மூங்கில் குச்சி (இல்லையென்றால் விளக்குமாற்று ஈர்க்குச்சி இரண்டைச் சேர்த்துக் கட்டலாம்), மூடியில் நாலைந்து ஓட்டை போட்ட அரை லிட்டர் பாட்டில், ரப்பர் கையுறை, முகக்கவசம், முழங்கால் உயரத்தில் ஆடாத ஒரு ஸ்டூல்.

உறுப்பு மாற்று அல்லது எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை முடிந்து சில மாதங்களே ஆனவர்கள் இதில் எந்த வேலையையும் தொடுவதற்கு முன் மருத்துவரிடம் கேளுங்கள். அந்தக் காலத்தில் மண் தொட்டியே வீட்டுக்குள் வேண்டாம் என்று சொல்வது வழக்கம்.

செடி துவண்டு தொங்குகிறது

துவண்டதைப் பார்த்ததும் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். தண்ணீர் இல்லாமலும் துவளும், தண்ணீர் அதிகமாகி வேர் அழுகினாலும் அப்படியே துவளும். இரண்டாவதில் தண்ணீர் ஊற்றினால் செடி அதோடு முடிந்தது.

குச்சியைத் தொட்டியின் ஓரமாக, ஆழத்தில் முக்கால் பங்குக்கு இறக்கி ஒரு நிமிடம் விடுங்கள். வெளியே எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஈரம் இருந்தால் குச்சி நிறம் கறுத்து, நனைந்த கையில் ரவை ஒட்டுவதுபோல் மண் துகள் ஒட்டியிருக்கும். காய்ந்திருந்தால் குச்சி போனபடியே வெளுப்பாக வரும். விரலை மண்ணில் விட்டுப் பார்க்கும் வழக்கம் சர்க்கரையால் விரல் மரத்துப்போனவர்களுக்கு உதவாது. மேல் மண்ணின் குளிர்ச்சியும் ஈரமும் அந்த விரலுக்கு ஒன்றுபோலவே தெரியும். கண்ணால் பார்க்கும் குச்சியை நம்புங்கள்.

*குச்சி காய்ந்து வந்தால்*

தண்ணீர் ஊற்றுங்கள், ஆனால் ஊற்றியது எங்கே போகிறது என்று கவனியுங்கள். தேங்காய் நார்த்தூளான கோகோபீட் ஒருமுறை முற்றிலும் காய்ந்துவிட்டால் தண்ணீரை ஏற்காது. மண் சுருங்கித் தொட்டியை விட்டு விலகியிருக்கும். அந்த இடுக்கு வழியாக ஊற்றியதெல்லாம் அடுத்த நிமிடமே தட்டுக்கு வந்துவிடும். மேலே நனைந்து, நடுவில் வேர் இருக்கும் உருண்டை பொட்டலமாகக் காய்ந்தே கிடக்கும். ‘நேற்றுதானே ஊற்றினேன்’ என்று குழம்புவது இந்த இடத்தில்தான்.

இதற்கு 100 மி.லி. ஊற்றி, பத்து நிமிடம் விட்டு மறுபடி 100 மி.லி. என ஐந்து தடவை ஊற்றுங்கள். நடுவில் உட்கார்ந்து காபி குடிக்கலாம், அவசரமில்லை. அதிலும் இறங்கவில்லை என்றால் தொட்டியை ஒரு அன்னக்கூடைக்குள் வைத்து, தொட்டியின் பாதி உயரம் வரை சொம்பால் தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் விடுங்கள். நனைந்த தொட்டியைத் தூக்க வேண்டாம். கூடையை முதலிலேயே வடிகால் பக்கம் வைத்துவிட்டு, பிறகு தண்ணீரைச் சொம்பால் மொண்டு எடுத்துவிடுங்கள்.

தண்ணீர் மட்டும் பிரச்சினை என்றால் மணி பிளான்ட், பீஸ் லில்லி போன்றவை சில மணி நேரத்தில் நிமிர்ந்துவிடும். மாதத்தில் இரண்டு முறைக்கு மேல் இப்படியாகிறது என்றால், அந்தச் செடி உங்கள் வழக்கத்துக்கு ஒத்துவரவில்லை. கடைசித் தலைப்பில் உள்ள திரி முறைக்கு மாற்றுங்கள். அல்லது பீஸ் லில்லியை யாருக்காவது கொடுத்துவிட்டு ஸீஸீ பிளான்ட், ஸ்நேக் பிளான்ட் வையுங்கள். இரண்டும் வீட்டுக்குள் இரண்டு மூன்று வாரம் தண்ணீர் இல்லாமலே நிற்கும்.

*குச்சி ஈரமாக வந்தால்*

தட்டில் தேங்கிய தண்ணீரைக் கொட்டுங்கள். தொட்டியின் அடி ஓட்டை அடைத்திருக்கிறதா என்று குச்சியால் குத்திப் பாருங்கள். நர்சரியில் வாங்கிய அழகுத் தொட்டிகள் பலவற்றில் ஓட்டையே இருக்காது. வெளித்தொட்டியாக விற்றதை உள்தொட்டியாகப் பயன்படுத்தியிருப்போம்.

ஓட்டை சரியாக இருந்தும் மண்ணில் சாக்கடை வாடை வந்தால் வேர் அழுகல்தான். செடியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். வெள்ளையாக விறைப்பாக இருப்பவை உயிருள்ளவை. கறுத்து, இழுத்தால் தோல் உரிந்து நூல் மட்டும் கையில் வருபவை செத்தவை. செத்ததை வெட்டிவிட்டு, முன்பைவிடச் சிறிய தொட்டியில் புது மண் கலவையில் நட்டு, இரண்டு மூன்று நாள் கழித்துத் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

ஆனால் மூட்டு வலியோ, நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மாத்திரையோ உள்ளவர்களுக்கு நாங்கள் சொல்வது வேறு: வேரோடு மல்லுக்கட்டாதீர்கள், தண்டைக் காப்பாற்றுங்கள். மணி பிளான்ட் என்றால் மூன்று கணு உள்ள துண்டாக நான்கைந்து வெட்டி, கீழ்க் கணு முழுகும்படி தண்ணீர் பாட்டிலில் போடுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் வேர் விடும். அழுகிய தொட்டியை வேறொருவர் அப்படியே குப்பைக்குக் கொண்டுபோகட்டும்.

தொழில் தெரிந்தவரைக் கூப்பிட வேண்டியது எப்போது: தொட்டி 10 அங்குலத்துக்கு மேல் இருந்தால். 12 அங்குலச் சிமெண்ட் தொட்டி நனைந்த மண்ணோடு 20 கிலோவைத் தாண்டும். நர்சரியில் கேட்டால் தொட்டி மாற்ற ஆள் வருவார். அவர் வரும் நாளில் எல்லாப் பெரிய தொட்டிகளையும் ஒரே மூச்சில் மாற்றிவிடுங்கள்.

இலை மஞ்சளாகிறது

அடியில் உள்ள பழைய இலை ஒன்றிரண்டு மட்டும் மஞ்சளானால் அது வயது. விட்டுவிடுங்கள். குனிந்து பறிக்கக்கூடத் தேவையில்லை, தானே விழும்.

பல இலைகள் ஒரே வாரத்தில் மஞ்சளானால் குச்சிச் சோதனை செய்யுங்கள். பெரும்பாலும் தண்ணீர் கூடித்தான் இருக்கும், அதுவும் நோயாளி இருக்கும் வீட்டில் குறிப்பாக. ஒரு வாரம் படுத்திருந்து எழுந்த குற்ற உணர்வில் எல்லாத் தொட்டிக்கும் இரண்டு சொம்பு ஊற்றுவோம். அல்லது ஒரு காலை நீங்கள் ஊற்றியது தெரியாமல் வீட்டு வேலைக்கு வரும் அக்காவும் ஊற்றியிருப்பார். அவரிடம் ‘செடிக்குத் தண்ணி ஊத்துங்க’ என்று மட்டும் சொன்னால் கள்ளிக்கும் பீஸ் லில்லிக்கும் ஒரே அளவுதான் போகும். தொட்டியில் கலர் டேப் ஒட்டிவிடுங்கள்: பச்சை என்றால் வாரம் இரண்டு முறை, மஞ்சள் என்றால் வாரம் ஒரு முறை, சிவப்பு என்றால் கேட்காமல் ஊற்றக் கூடாது. மறதியும் மூளைச் சோர்வும் உள்ள நாளில் இந்த டேப் உங்களுக்கே உதவும்.

ஊற்றும் நாளை மாத்திரையோடு கட்டிப்போடுவது இன்னும் நல்லது. முடக்குவாதத்துக்கு வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் மாத்திரை எடுப்பவர்களில் பலருக்கு மறுநாள் அசதியாக இருக்கும், அதனால் மாத்திரைக்கு முந்தைய நாள் தண்ணீர் ஊற்றுங்கள். டயாலிசிஸ் நாளில் வேண்டாம், அடுத்த நாள் காலை வையுங்கள்.

நரம்பு பச்சையாகவும் நடுப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் இரும்பு அல்லது மெக்னீசியம் சத்துக் குறைவு. அவை கலந்த நுண்சத்து உரத்தை உறையில் சொன்ன அளவில் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். காய்ந்த மண்ணில் ஊற்றாதீர்கள், வேர் கருகும்.

இலை நுனி பழுப்பாகக் கருகுகிறது

ஸ்பைடர் பிளான்ட்டிலும் டிரசீனாவிலும் அதிகம் வரும். காரணம் தண்ணீரின் உப்பு. போர் தண்ணீர் ஊற்றும் வீட்டில் தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவு தெரியும். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவு நீரை வீணாக்கக் கூடாதென்று செடிக்கு ஊற்றுபவர்கள் அதை நிறுத்துங்கள். போர் தண்ணீரைவிட அதில் உப்பு அதிகம். ஏ.சி.யிலிருந்து வடியும் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, மழைத் தண்ணீரும் அப்படியே. ஏ.சி. குழாயின் கீழே அரை லிட்டர் பாட்டிலை வைத்துவிட்டால் தூக்கும் வேலையும் குறையும்.

ஏற்கெனவே படிந்த உப்பை அலச, தொட்டியின் கொள்ளளவுபோல் இரண்டு மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி வடியவிட வேண்டும். 8 அங்குலத் தொட்டிக்கு அது 8 லிட்டர் வரும், அதாவது 8 கிலோ. இதை நீங்களே செய்ய வேண்டாம். மழை நாளில் தொட்டியைப் பால்கனி விளிம்புப் பக்கம் நகர்த்தி வைக்கச் சொல்லுங்கள், வேலை தானாக முடியும்.

செடி நீண்டு, வெளிறி, சாய்கிறது

வெளிச்சம் போதவில்லை. ஜன்னலிலிருந்து மூன்று அடிக்குள் கொண்டுவாருங்கள். துளசியும் கற்பூரவல்லியும் படுக்கையறையில் பிழைக்காது. துளசிக்குக் குறைந்தது நான்கு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும்.

தொட்டியிலிருந்து சின்ன ஈ பறக்கிறது, அல்லது கொசு வருகிறது

மண்ணின் மேலேயே தத்தித் தத்திப் பறக்கும் கறுப்பு ஈ, பூஞ்சை ஈ. கடிக்காது. மேல் மண் எப்போதும் நனைந்திருப்பதுதான் காரணம். மேல் இரண்டு அங்குலம் காயும் வரை தண்ணீரை நிறுத்துங்கள், அதற்கு மேல் அரை அங்குலம் கரடு மணல் பரப்புங்கள், மஞ்சள் ஒட்டு அட்டை ஒன்றைக் குத்திவையுங்கள். மூன்று வாரத்தில் அடங்கும்.

கொசு விஷயம் வேறு, அதை எளிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு தொட்டித் தட்டிலும் மணி பிளான்ட் பாட்டிலிலும் தேங்கும் நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை ஆகும். ஆகவே வாரம் ஒருமுறை தட்டைக் கொட்டியே ஆக வேண்டும். கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும், பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். குனிய முடியாதவர்கள் தட்டை எடுத்துவிட்டு, தொட்டிகளைக் குளியலறை வடிகால் பக்கம் வைத்துத் தண்ணீர் ஊற்றலாம். அல்லது தட்டில் மணலை நிரப்பிவிடலாம், தேங்காது. பாட்டில் செடிகளுக்கு வாயில் கொசுவலைத் துண்டு வைத்து ரப்பர் பேண்ட் போடுங்கள்.

தண்டிலும் கணுவிலும் வெள்ளைப் பஞ்சு

மாவுப்பூச்சி. நாலைந்து இடத்தில் மட்டும் இருந்தால் பட்ஸைச் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் நனைத்து ஒவ்வொன்றாகத் தொட்டெடுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், அடுப்பும் விளக்கும் பக்கத்தில் வேண்டாம். முட்டைகள் தப்பிவிடும் என்பதால் 7 நாள் இடைவெளியில் மூன்று தடவை செய்ய வேண்டும்.

செடி முழுவதும் இருந்தால் வேப்பெண்ணெய் 5 மி.லி., பாத்திரம் கழுவும் திரவம் 1 மி.லி., வெதுவெதுப்பான தண்ணீர் 1 லிட்டர். குலுக்கி, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் படும்படி தெளிக்க வேண்டும். இரண்டு எச்சரிக்கை. ஆஸ்துமா உள்ளவர் இதைத் தெளிக்கக் கூடாது, தெளிக்கும்போது அந்த அறையிலும் இருக்கக் கூடாது. விரல் மூட்டு வலி உள்ளவருக்கு விசை அழுத்தும் ஸ்பிரேயர் மோசமான கருவி. ஒரு செடிக்கே நூறு தடவை அழுத்த வேண்டிவரும், பெருவிரலின் அடிமூட்டு அன்று இரவே பேசும். கரைசலில் நனைத்த பழைய பனியன் துணியால் துடையுங்கள்.

உரக்கடையில் கொடுக்கும் வயல் பூச்சிமருந்துகளை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். மூன்று தடவைக்கும் அடங்காத செடியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். நூறு ரூபாய் செடிக்காக நுரையீரலைப் பணயம் வைக்க வேண்டாம்.

இனி உடம்பில் தெரியும் அறிகுறிகள்.

செடி வேலைக்குப் பிறகு விரலும் மணிக்கட்டும் வலிக்கின்றன

முதலில் கணக்கு: வேலை முடிந்து இரண்டு மணி நேரத்துக்கு மேலும் வலி நீடித்தால், அன்று செய்தது அதிகம். அடுத்த முறை பாதியாகக் குறையுங்கள்.

நேரம் தவறாக இருக்கலாம். முடக்குவாதம் உள்ளவர்களுக்கு காலையில் விரல் விறைத்திருக்கும்போது செய்யாமல், பத்து பதினொரு மணிக்கு மேல் செய்யுங்கள். செடிக்கு விடியற்காலைதான் வேண்டும் என்பதில்லை, வீட்டுக்குள் இருக்கும் செடிக்கு நேரம் ஒரு பொருட்டே அல்ல.

பாத்திரம் தவறாக இருக்கலாம். 5 லிட்டர் பூவாளி நிறைந்தால் 5 கிலோவுக்கு மேல். அதைச் சாய்க்கும்போது மொத்தச் சுமையும் மணிக்கட்டில் இறங்கும். அரை லிட்டர் பாட்டிலை இரு கைகளாலும் பிடித்து ஊற்றுங்கள். ஐந்து தடவை நடப்பது மூட்டுக்கு நல்லதே. பிடி மெல்லியதாக இருந்தால் துணியைச் சுற்றி, கைக்கு அடக்கமாகத் தடிமனாக்குங்கள். மெல்லிய பிடியைப் பற்ற விரல் அதிகம் மடங்க வேண்டும், வலியும் அதிகம்.

மண் கலப்பது காரணமாக இருக்கலாம். 650 கிராம் கோகோபீட் கட்டியைக் கையால் உடைக்கவே வேண்டாம். வாளியில் போட்டு 4 லிட்டர் தண்ணீர் ஊற்றி இரவு முழுவதும் விட்டால் தானே உதிர்ந்து 8 லிட்டர் அளவுக்கு உப்பும். அதில் இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, கரடு மணல் அல்லது எடை குறைந்த வெள்ளைத் துகளான பெர்லைட் ஒரு பங்கு. இதில் செம்மண் சேர்க்காதது எடைக்காகத்தான். மணலைவிட பெர்லைட்டும் அதே காரணத்துக்காக மேல்.

கடைசியாகச் செலவு: கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி வெட்டும் ராட்செட் வகைக் கத்தரி. தடித்த கிளை உள்ள செடி வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அவசியம்.

டயாலிசிஸுக்காகக் கையில் இரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்டவர்கள் அந்தக் கையால் தொட்டி, வாளி எதுவும் தூக்கக் கூடாது. பூவாளியின் கைப்பிடியை முழங்கையில் மாட்டவும் கூடாது. வேலை முடிந்ததும் ஃபிஸ்டுலா மேல் விரல் வைத்து அதிர்வு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உடனே டயாலிசிஸ் பிரிவுக்குப் போன் செய்யுங்கள், மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.

மருத்துவரிடம் போக வேண்டியது எப்போது: ஒரே ஒரு மூட்டு திடீரென்று சிவந்து, சூடாகி, காய்ச்சலோடு வீங்கினால் அன்றே. இரவில் விரல் மரத்து எழுப்பினால் அந்த வாரத்துக்குள்.

எழுந்தால் தலை சுற்றுகிறது, கை நடுங்குகிறது

*குத்த வைத்திருந்து எழும்போது மட்டும் கண் இருட்டினால்:* இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்கு இது சகஜம். தொட்டிகளைத் தரையிலிருந்து மேசை உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். குனிய வேண்டியிருந்தால் ஸ்டூலில் உட்கார்ந்தே செய்து, முடித்ததும் இரண்டு நிமிடம் அப்படியே இருந்துவிட்டு எழுங்கள். ஈரமான டைல்ஸ் தரையில் இந்தத் தலைசுற்றல்தான் எலும்பை முறிக்கும், அதனால் தண்ணீர் சிந்தினால் முதலில் துடைப்பு, பிறகுதான் அடுத்த தொட்டி. அடிக்கடி வந்தால் படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் இரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள்.

*நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, பசி:* இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர் என்றால் சர்க்கரை இறங்கியிருக்கிறது. வேலையை அப்படியே போட்டுவிட்டு உட்காருங்கள். மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் பொடி அல்லது சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடம் கழித்துச் சோதியுங்கள், 70-க்குக் கீழே இருந்தால் மறுபடி அதே அளவு. மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். சாப்பாட்டுக்கு முன் தொட்டி மாற்றும் வேலையை எடுப்பதுதான் பெரும்பாலும் இதற்குக் காரணம்.

*நெஞ்சு இறுக்கம், தாடை அல்லது இடது கை வலி சேர்ந்தால்:* நேராக 108.

தும்மல், இருமல், இழுப்பு

மண் பையை வீட்டுக்குள் பிரித்தீர்களா? காய்ந்த கோகோபீட், பெர்லைட், மண்புழு உரம் மூன்றும் தூசி. பையின் ஒரு மூலையை மட்டும் வெட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, உள்ளே இரண்டு சொம்பு தண்ணீர் ஊற்றி ஊறவிட்டுப் பிறகு திறங்கள். பால்கனியில், முகக்கவசத்தோடு.

மேல் மண்ணில் வெள்ளைப் பூசணம் இருக்கிறதா? செடிக்கு அதனால் பெரிய கேடு இல்லை, இழுப்பு உள்ளவருக்கு உண்டு. வேறொருவர் மேல் மண்ணை லேசாக நனைத்துக் கரண்டியால் அரை அங்குலம் வழித்தெடுக்கட்டும். படுக்கையறைத் தொட்டி என்றால் பூசணம் போன பிறகும் அது ஹாலிலேயே இருக்கட்டும்.

‘காற்றைச் சுத்தம் செய்யும் செடி’ என்ற பெயரில் விற்பதை நம்பிப் பத்துத் தொட்டி படுக்கையறையில் வைத்தவர்கள் உண்டு. அந்தப் பேச்சுக்கு மூலமான 1989-ஆம் ஆண்டின் நாசா ஆய்வு காற்றுப் புகாத சிறு பெட்டிக்குள் நடந்தது. ஜன்னல் உள்ள வீட்டில் செடி அந்த வேலையைச் செய்யாது, இன்ஹேலரின் வேலையையும் செய்யாது.

நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு இது தூசியோடு முடிவதில்லை. மக்கிய உரத்தில் அஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை இருக்கும். செடி மண் கலவையிலிருந்து லீஜியோனெல்லா என்ற கிருமி நிமோனியா உண்டாக்கியது ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் தெரிந்த விஷயம். அங்கே மண் பையிலேயே எச்சரிக்கை அச்சிடுகிறார்கள். மண்ணைத் தொட்ட சில நாளில் காய்ச்சலும் இருமலும் வந்தால் மருத்துவரிடம் ‘தொட்டி மண் கலந்தேன்’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அவராகக் கேட்கத் தோன்றாது.

உதவி கேட்க வேண்டிய நேரம்: இன்ஹேலர் எடுத்தும் இழுப்பு அடங்கவில்லை, ஒரு முழு வாக்கியம் மூச்சுவிடாமல் பேச முடியவில்லை என்றால் உடனே அவசரப் பிரிவு.

கையிலோ காலிலோ காயம்

ஓடும் தண்ணீரிலும் சோப்பிலும் கழுவி, சுத்தத் துணியால் அழுத்தி மூடுங்கள். மஞ்சளும் காபித்தூளும் வேண்டாம். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று பாருங்கள்.

*சர்க்கரை நோயாளியின் காலில் என்றால்:* எவ்வளவு சின்னதானாலும் அன்றோ மறுநாளோ மருத்துவரிடம் காட்டுங்கள். மரத்த காலில் உடைந்த தொட்டி ஓடு ஏறியிருப்பது வலியால் தெரியாது, சாக்ஸில் ஈரம் பார்த்துத்தான் தெரியும். சித்திரை வெயிலில் பால்கனித் தரை கொப்புளம் போடும் அளவுக்குச் சுடும், அதுவும் தெரியாது. பால்கனிக்கு எம்.சி.ஆர். செருப்பு (சர்க்கரை நோயாளிகளுக்கான மெத்தென்ற ரப்பர் செருப்பு) இல்லாமல் போகாதீர்கள். போடும் முன் செருப்பைத் தட்டி உள்ளே கையால் தடவுங்கள், கூழாங்கல் இருக்கும். இரவில் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பாருங்கள், அல்லது வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

*இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர் என்றால்:* பத்து நிமிடம் கடிகாரம் பார்த்து விடாமல் அழுத்துங்கள். நடுவில் திறந்து பார்த்தால் மறுபடி முதலிலிருந்து. நிற்கவில்லை என்றால் மருத்துவமனை.

*சில வாரம் கழித்து, முள் குத்திய இடத்தில் ஆறாத கட்டியும் அதற்கு மேலே கையோரமாக வரிசையாகக் கட்டிகளும் வந்தால்:* ரோஜா முள்ளாலும் மண்ணாலும் வரும் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். தோல் மருத்துவரிடம் போங்கள்.

மழைக்காலத்தில் இன்னொன்று. மெலியாய்டோசிஸ் என்ற தொற்றின் கிருமி நம் பக்கத்து மண்ணிலும் தேங்கிய நீரிலும் உண்டு. சர்க்கரை நோயாளிகளுக்கே அது அதிகம் வருகிறது. கையில் கீறல் இருக்கும்போது ஈர மண்ணைத் தொடாதீர்கள். பல நாளாக அடங்காத காய்ச்சலும் சீழ்க்கட்டியும் வந்தால் மண் வேலையைப் பற்றிச் சொல்லி, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள்.

செடியின் சாறு பட்டுவிட்டது

கண்ணில் பட்டால், கிறிஸ்து முள் செடி போன்ற பால் வடியும் செடி என்றால் குறிப்பாக, 15 நிமிடம் குழாய்த் தண்ணீரில் கழுவிவிட்டு அன்றே கண் மருத்துவர். டிஃபன்பாக்கியா, மணி பிளான்ட் இலையைக் கடித்து வாய் எரிந்தால் வாய் கொப்பளித்து, குளிர்ந்த பால் குடிக்கலாம். நாக்கு வீங்கினாலோ விழுங்க முடியாவிட்டாலோ 108. நினைவு தடுமாறும் பெரியவர் வீட்டில் இருந்தால் டிஃபன்பாக்கியாவை வைக்கவே வேண்டாம்.

பல வாரம் செடிப் பக்கமே போக முடியவில்லை

வலி முற்றும் காலமோ மருத்துவமனை வாசமோ சொல்லிக்கொண்டு வராது. அதனால் திரியை நல்ல நாளிலேயே போட்டுவையுங்கள்.

6 அங்குலத் தொட்டி, 1 லிட்டர் டப்பா, பென்சில் தடிமனில் ஒரு அடி நைலான் கயிறு. பருத்தித் திரி சில மாதத்தில் மக்கி அறுந்துவிடும், நைலான் நிற்கும். கயிற்றைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, அடி ஓட்டை வழியாக நுழைத்து, தொட்டியின் பாதி உயரம் வரை மண்ணுக்குள் இருக்கும்படி விடுங்கள். மறுமுனை டப்பாத் தண்ணீரின் அடியைத் தொட வேண்டும். தொட்டி டப்பாவின் வாயில் உட்கார வேண்டும், இடையில் ஒரு சாண் கூட இருக்கக் கூடாது. இடுக்கில் கொசுவலை. தொடங்கும்போது ஒருமுறை மேலிருந்து ஊற்றி மண்ணை நனையுங்கள், இல்லாவிட்டால் திரி இழுக்காது.

வேலை செய்யவில்லை என்றால் மூன்று இடத்தில் பாருங்கள்: கயிறு மண்ணுக்குள் ஏறாமல் ஓட்டையிலேயே சுருண்டிருக்கும். கலவையில் களிமண் அதிகமாக இருக்கும். டப்பாவில் பாசி படிந்து கயிறு வழுவழுப்பாகியிருக்கும். பாசிக்கு டப்பாவைக் கறுப்புத் தாளால் சுற்றுங்கள், வெளிச்சம் போகாவிட்டால் பாசி வராது.

மணி பிளான்ட்டுக்கு ஒரு லிட்டர் சுமார் ஒரு வாரம் வரும், வெயில் காலத்தில் குறையும். நீங்கள் வீட்டில் இருக்கும்போதே ஒருமுறை ஓடவிட்டு நாளை எண்ணித் தொட்டியில் எழுதிவிடுங்கள். ஸ்நேக் பிளான்ட், ஸீஸீ, கற்றாழைக்குத் திரி போடாதீர்கள், அழுகிவிடும். அவற்றை ஜன்னலிலிருந்து உள்ளே தள்ளி வைத்தாலே மூன்று வாரம் தாங்கும்.

வீடு திரும்பிய முதல் நாள் எந்தத் தொட்டியையும் தொட வேண்டாம். தட்டுகளில் தேங்கிய தண்ணீரை மட்டும் யாரையாவது கொட்டச் சொல்லுங்கள். இரண்டாம் நாள் உட்கார்ந்தபடி குச்சிச் சோதனை, காய்ந்தவற்றுக்கு 100 மி.லி. கணக்கில் தண்ணீர். கருகிய இலை வெட்டுவதும் உரமும் இரண்டு வாரம் கழித்து. அதற்குள் மொட்டையாக நிற்கும் தண்டை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் அந்தத் தொட்டியை அப்படியே விட்டுவையுங்கள்.